வால் துடிப்பது யார் சொல்லி? விலங்குகளின் அசைவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் அல்சூர் ஏரிக்கரையில் பத்துப் பதினைந்து பிள்ளைகளோடு நடப்பேன். வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் என்று வளர்கிற பிள்ளைகள். நான் விலங்கியல் ஆசிரியை. நடையில் அவர்களும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். பெரும்பாலான கேள்விகளுக்கு அடியில் ஒரே எண்ணம்தான் கிடக்கிறது: மூளை உத்தரவு போடுகிறது, உடம்பு கீழ்ப்படிகிறது. அந்த எண்ணத்தோடுதான் இந்தப் பக்கம் முழுக்க எனக்கு வழக்கு.

டீச்சர், பல்லியின் வால் அறுந்த பிறகும் எப்படித் துடிக்கிறது? அதற்கு உயிர் இருக்கிறதா?

ஒவ்வொரு மாதமும் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிற கேள்வி இது. வீட்டில் பல்லி இல்லாத பெங்களூருக்காரர் யார்?

முதலில், வால் அறுவது விபத்து இல்லை. பல்லியின் வால் எலும்புகளில் உடைவதற்கென்றே பலவீனமான கோடுகள் உண்டு. ஆபத்து வந்ததும் அங்கிருக்கும் தசைகளை இறுக்கிப் பல்லியே வாலை முறித்துவிடுகிறது. தோல் மூடிக்கொள்வதால் ரத்தமும் அதிகம் சிந்துவதில்லை.

இனி துடிப்பு. வாலுக்குள் தண்டுவடத்தின் ஒரு துண்டு இருக்கிறது. அதிலுள்ள நரம்பு செல்கள் ஒன்றையொன்று தூண்டியும் அடக்கியும் இடம், வலம், இடம், வலம் என்று ஒரு தாளத்தைத் தாமாகவே உண்டாக்க வல்லவை. உடம்போடு சேர்ந்திருக்கும்போது மேலிருந்து வரும் அடக்கும் சமிக்ஞைகள் அந்தத் தாளத்தைப் பிடித்து வைத்திருக்கின்றன. வால் அறுந்ததும் பிடி விட்டுப்போகிறது, தாளம் அவிழ்கிறது. திமோத்தி ஹைம், அந்தோணி ரஸ்ஸல் என்ற இருவர் 2009-ல் சிறுத்தைப் பல்லி என்ற இனத்தின் அறுந்த வாலை அளந்து பார்த்தார்கள். சீரான ஆட்டத்துக்கு நடுவே அது திடீரென்று துள்ளிக் குட்டிக்கரணமும் போட்டது. எதிரியின் கண் வால் மேல் இருக்கும்வரை பல்லிக்கு ஓட அவகாசம் உண்டு.

இது பல்லிக்கு மட்டும் உரியதும் அல்ல. 1911-ல் கிரஹாம் பிரவுன், மூளையின் தொடர்பையும் காலிலிருந்து வரும் உணர்வுகளையும் துண்டித்த பூனையின் தண்டுவடம்கூட நடையின் தாளத்தை உண்டாக்கும் என்று காட்டினார். நடப்பது, நீந்துவது, மெல்லுவது, மூச்சு விடுவது எல்லாவற்றுக்கும் இப்படிப்பட்ட தாளச் சுற்றுகள் உள்ளன. முதுகெலும்புள்ள விலங்குகளில் அவை தண்டுவடத்திலும் மூளைத்தண்டிலும் இருக்கின்றன.

உயிர் இருக்கிறதா என்றால், செல்களுக்கு இருக்கிறது. சில நிமிடங்களுக்கு.

அப்படியானால் மூளைக்கு என்ன வேலை?

எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது, எந்தப் பக்கம் திரும்புவது. இதற்கு நல்ல உதாரணம் இரவில் பாடும் சில்வண்டு. சுவர்க்கோழி என்று சொன்னால்தான் சில பாட்டிமார்களுக்குப் புரியும். ஆண் வண்டு முன்னிறக்கைகளை ஒன்றோடொன்று உரசிப் பாடுகிறது. பாட்டின் தாளம் பிறப்பது மார்பிலும் வயிற்றிலும் உள்ள நரம்பு முடிச்சுகளில்தான். மூளையிலிருந்து இறங்கும் ஒரு குறிப்பிட்ட நியூரானை, அதாவது நரம்பு செல்லை, தூண்டினால் பாட்டு தொடங்கும், விட்டால் நிற்கும். கச்சேரியைத் தொடங்கச் சொல்வது மட்டும்தான் மேலே. வாசிப்பெல்லாம் கீழே.

அதே பாட்டில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. சில்வண்டின் காது அதன் முன்னங்காலில் உள்ளது. இவ்வளவு பக்கத்தில் இவ்வளவு உரக்கப் பாடினால் சொந்தப் பாட்டாலேயே காது மரத்துப் போக வேண்டுமே? ஜேம்ஸ் பூலே, பெர்த்தோல்ட் ஹெட்விக் இருவரும் 2006-ல் அதற்கான நியூரானைக் கண்டுபிடித்தார்கள். ஒற்றை நியூரான்தான். இறக்கைத் தசைக்கு "உரசு" என்று செய்தி போகும் அதே நொடியில் அதன் நகல் ஒன்று காதுப் பாதைக்கும் போய், "இது நம் சத்தம், பொருட்படுத்தாதே" என்று அடக்குகிறது. அசைகிற எந்த விலங்குக்கும் இந்தச் சிக்கல் உண்டு: உலகம் என்னைத் தொட்டதா, நான் உலகத்தைத் தொட்டேனா? நம்மை நாமே கூச்சம் காட்ட முடியாததற்கும் இதை ஒத்த கணக்குதான் காரணம்.

நம் ஊரிலேயே, இந்திய அறிவியல் கழகத்தில் ரோகிணி பாலகிருஷ்ணனின் குழு மரச் சில்வண்டு ஒன்றை ஆராய்ந்து 2020-ல் வெளியிட்டது. உருவில் சிறிய ஆண்களும் சத்தம் குறைந்த ஆண்களும் இலையில் ஓட்டை போட்டு, அதில் உடலை நுழைத்து நின்று பாடுகின்றன. இலை ஒலிபெருக்கியாகிவிடுகிறது. ஓட்டையைக் கடித்துச் செய்வதும் அந்த வண்டேதான். மார்கழிக் குளிரில் சில்வண்டின் பாட்டு மெதுவாவதைக் கவனித்திருக்கிறீர்களா? அதற்கு உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. குளிர்ந்தால் நரம்பும் தசையும் சேர்ந்தே தளர்கின்றன.

நரம்பில் ஓடுவது வீட்டுக் கம்பியில் ஓடும் மின்சாரம்தானா?

இல்லை. கம்பியில் ஓடுவதற்கு மின்சாரக் கம்பெனி வேண்டும். நரம்பு தன் மின்சாரத்தை வழியெங்கும் தானே புதிதாக உண்டாக்கிக்கொள்கிறது. பிள்ளைகளிடம் சரவெடி என்றுதான் சொல்வேன். ஒரு வெடி அடுத்த வெடியைப் பற்ற வைக்கிறது, அது அதற்கடுத்ததை. கடைசி வெடியும் முதல் வெடியின் அதே வேகத்தோடுதான் வெடிக்கும். நரம்பின் சவ்வில் சோடியம் நுழையும் கதவுகள் அடுத்தடுத்துத் திறப்பது அப்படித்தான். வித்தியாசம் ஒன்று: சரம் ஒருமுறைதான் வெடிக்கும். நரம்பு பொட்டாசியத்தை வெளியே விட்டுச் சில மில்லிவினாடிகளில் அடுத்த வெடிக்குத் தயாராகிவிடும்.

இதன் வேகத்தை அளக்கவே முடியாது என்று நம்பியவர்களில் யோஹன்னஸ் முல்லரும் ஒருவர். அவருடைய மாணவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850-ல் தவளைக் காலில் அளந்துவிட்டார். வினாடிக்குச் சுமார் 27 மீட்டர். எட்டாததாக நினைத்த ஒன்று இவ்வளவு மெதுவாகப் போகிறது என்பது அன்று பெரிய அதிர்ச்சி. கதவுகள் திறந்து மூடும் விதத்தைக் கணக்காக எழுதிக் காட்டியவர்கள் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும், 1952-ல். அவர்களுக்கு உதவியது கணவாய் மீனின் ராட்சத நரம்பு இழை. கண்ணால் பார்க்கும் அளவுக்குத் தடிமன். தப்பி ஓடும்போது உடம்பை ஒரே நேரத்தில் சுருக்கித் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டியிருப்பதால் கணவாய்க்கு அந்தத் தடிமன் தேவைப்படுகிறது. நமக்கு அவ்வளவு தடித்த நரம்பு இல்லை. பதிலாக இழையைச் சுற்றிக் கொழுப்பு உறை இருக்கிறது, அதனால் வேகமான நரம்புகளில் வினாடிக்கு 100 மீட்டர்கூடத் தாண்டுகிறது.

தசை எப்படி இழுக்கிறது? தள்ளவும் செய்யுமா?

தசைக்குத் தள்ளத் தெரியாது. கை மடங்க ஒரு தசை, நீள இன்னொரு தசை. மண்புழுவுக்கு எலும்பே இல்லை. வளையத் தசை இறுகினால் உடல் மெலிந்து நீளும், நீளவாட்டுத் தசை இறுகினால் குட்டையாகித் தடிக்கும். உள்ளே அடைபட்ட திரவம்தான் எலும்பின் வேலையைச் செய்கிறது. மழை பெய்த மறுநாள் நடைபாதையில் மண்டியிட்டு ஐந்து நிமிடம் பாருங்கள், இரண்டும் மாறி மாறி அலையாக ஓடுவது தெரியும்.

உள்ளே நடப்பது கிணற்றில் கயிறு இழுப்பது போன்றது. ஆக்டின் என்ற புரத இழை கயிறு. மயோசின் என்ற புரதத்தின் தலைகள் கைகள். பிடி, இழு, விடு, மேலே பிடி. ஓர் இழுப்புக்குக் கயிறு நகர்வது மில்லிமீட்டரில் ஒரு லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கோடிக்கணக்கான கைகள் சேர்ந்து இழுப்பதால்தான் குடத்தைத் தூக்க முடிகிறது. இழைகள் சுருங்குவதில்லை, ஒன்றின் மேல் ஒன்று வழுக்குகின்றன என்ற இந்த விளக்கம் 1954-ல் ஒரே இதழின் இரண்டு கட்டுரைகளில் வந்தது. ஒன்றை எழுதியவர்கள் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் நீடர்கர்க்கேயும், மற்றதை எழுதியவர்கள் ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹேன்சனும். இரண்டு ஹக்ஸ்லிகளும் உறவினர்கள் இல்லை.

நரம்பின் செய்தி வந்ததும் தசைக்குள் கால்சியம் விடுபடும், அதுதான் "பிடி" என்ற அனுமதி. பிடித்த கையை விடுவிக்க ஏடிபி என்ற எரிபொருள் மூலக்கூறு வேண்டும். இழுப்பதற்குச் சக்தி வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். விடுவதற்கும் வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. உயிர் போனதும் ஏடிபி தீர்கிறது, கைகள் பிடித்தபடியே நின்றுவிடுகின்றன. இறந்த உடல் விறைப்பது அதனால்தான்.

ரஸ்ஸல் மார்க்கெட்டில் வெட்டிய மீன் துண்டு துடித்தது. மீன் இன்னும் சாகவில்லையா?

மீன் செத்துவிட்டது. தசை செல்களில் மட்டும் கொஞ்சம் ஏடிபி மிச்சம் இருக்கிறது. உப்புப் பட்டதும் சவ்வின் மின்நிலை குலைந்து ஒரு சுண்டு. இதைச் சொன்ன அன்று ஒரு சிறுமி அழுதுவிட்டாள். வலி உணர்வதற்கு மூளை வேண்டும், அந்தத் துண்டில் அது இல்லை என்று சொன்ன பிறகே சமாதானமானாள்.

குழம்பில் மீன் அடுக்கடுக்காகப் பிரிகிறதே, அந்த ஒவ்வோர் அடுக்கும் ஒரு தசைப் பட்டை. தலையிலிருந்து வால்வரை அவை வரிசையாகச் சுருங்குவதுதான் நீச்சல். கோழியின் நெஞ்சுக்கறி வெளுத்தும் தொடைக்கறி கருத்தும் இருப்பதும் இதே பாடம்தான். கோழி நாள் முழுக்க நடக்கிறது, ஆபத்து வந்தால் மட்டும் நாலு தப்படி பறக்கிறது. நெடுநேரம் உழைக்கும் தசைக்கு ஆக்சிஜனைச் சேமிக்கும் சிவப்புப் புரதம் நிறைய வேண்டும். மணிக்கணக்கில் பறக்கிற புறாவுக்கு நெஞ்சே கருஞ்சிவப்பு.

செருப்பைத் தூக்கும்போதே கரப்பான் எப்படி ஓடிவிடுகிறது?

செருப்பு தள்ளும் காற்று முதலில் போய்ச் சேர்கிறது. கரப்பானின் பின்முனையில் இரண்டு சிறு கொம்புகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் காற்றசைவை உணரும் நுண்மயிர்கள் ஏறத்தாழ 200. எந்தத் திசை மயிர் வளைந்தது என்ற செய்தி தலைக்குப் போய்த் திரும்பக் காத்திருப்பதில்லை. ராட்சத நரம்பு இழைகள் வழியாக நேராக மார்பிலுள்ள நரம்பு முடிச்சுக்கு, அங்கிருந்து காலுக்கு. மொத்தம் 50 மில்லிவினாடிக்குள் முடிகிறது. ஒன்றைப் பார்த்துக் கையை அசைக்க நமக்கு 200 மில்லிவினாடி ஆகும். தலை போன கரப்பான்கூடப் பல நாள் உயிரோடிருந்து, தொட்டால் நகரும்.

மருந்து அடித்தால் மல்லாந்து கால் உதறுவது ஏன் என்பது தொடர்ந்து வரும் கேள்வி. கொசுவர்த்தியிலும் கரப்பான் மருந்திலும் இருக்கும் பைரித்ராய்டு, நரம்பின் சோடியக் கதவுகளை மூடவிடாமல் பிடித்துக்கொள்கிறது. சரவெடி அணையாமல் வெடித்துக்கொண்டே இருக்கும். நடையின் தாளம் சிதறி, கால்கள் தாறுமாறாக உதறும்.

இந்தக் கதவுகளைப் பற்றிய கதையில் நம் ஊருக்கும் பங்குண்டு. சூடாக்கினால் சில நொடிகளில் முடங்கி விழுந்து, குளிர்ந்ததும் எழுந்து பறக்கும் பழ ஈக்களைப் பற்றி ஒபைது சித்திக்கியும் சீமோர் பென்சரும் 1976-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவர்கள் ஆராய்ந்த ஈக்களில் ஒரு வகைக்குக் கெட்டிருந்த மரபணு, இதே சோடியக் கதவைச் செய்யும் மரபணு என்பது பின்னர் தெரியவந்தது. மும்பையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் உயிரியலை வளர்த்த சித்திக்கிதான் பிறகு பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தைத் தொடங்கினார். ஹெப்பால் தாண்டிப் போகும்போது பிள்ளைகளுக்கு அந்த வளாகத்தைக் காட்டுங்கள்.

கொசுவின் ரீங்காரம் எதிலிருந்து வருகிறது? நரம்பு அவ்வளவு வேகமாகச் சொல்ல முடியுமா?

முடியாது, அதுதான் இதில் அழகு. பெண் ஏடிஸ் கொசு வினாடிக்கு 400 தடவைக்கு மேல் இறக்கை அடிக்கிறது. ஒவ்வோர் அடிக்கும் ஒரு நரம்புச் செய்தி என்றால் கட்டுப்படியாகாது. அதன் பறக்கும் தசைகள் இறக்கையில் ஒட்டியிருப்பதே இல்லை. மார்புக் கூட்டில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு தொகுதிகள் இருக்கின்றன. ஒன்று சுருங்கிக் கூடு நெளிந்ததும் மற்றது இழுபடும். இழுபட்ட தசை அந்த இழுப்பாலேயே சுருங்கும், உடனே முதலாவது இழுபடும். ஊஞ்சல் போல. நரம்பு அவ்வப்போது ஒரு தட்டுத் தட்டி ஊஞ்சல் நிற்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஈக்கும் கொசுவுக்கும் பின்னிறக்கைகள் இருந்த இடத்தில் குண்டூசித் தலை போல இரண்டு உறுப்புகள் இருக்கின்றன. உடல் சுழல்வதை உணர்த்துபவை அவை. இறக்கையோடு அவை துல்லியமாகத் தாளம் சேர வேண்டும். அந்தச் சேர்க்கை, மார்புக் கூட்டிலுள்ள விறைப்பான இணைப்புகளால் இயந்திரம் போல நடக்கிறது என்று 2015-ல் மேற்சொன்ன மையத்தில் சஞ்சய் சானேயின் குழு காட்டியது. நரம்பு செய்வதாக நாம் நினைக்கும் ஒரு வேலையை உடம்பின் வடிவமே செய்துவிடுகிறது. எனக்குத் தெரிந்த ஆய்வுகளில் மனத்துக்கு மிக நெருக்கமானது இது.

தெருநாயின் வயிற்றைச் சொறிந்தால் பின்னங்கால் ஏன் தானாக ஆடுகிறது?

பூச்சி ஊர்கிறது என்று தண்டுவடம் எடுத்துக்கொள்கிறது. வினாடிக்குச் சுமார் 4 தடவை காலை ஆட்டும் சுற்று அங்கேயே இருக்கிறது. மூளைத் தொடர்பு அறுந்த நாய்களிலும் அது வேலை செய்வதை ஷெரிங்டன் நூறாண்டுக்கு முன்பே விரிவாக எழுதினார். தூக்கத்தில் நாய் ஓடுவது வேறு விஷயம். கனவுத் தூக்கத்தில் மூளை ஓட்டத்தை நடத்திப் பார்க்கிறது. ஆனால் மூளைத்தண்டு தசைகளுக்குப் போகும் நரம்புகளை அடக்கி வைத்திருக்கிறது. அந்தப் பிடியைத் தாண்டிக் கசிவதுதான் பாதத்தின் சிறு உதறல்.

நல்ல பாம்பு கடித்தால் மூச்சு ஏன் நிற்கிறது?

நரம்புக்கும் தசைக்கும் இடையே ஒரு நுண்ணிய இடைவெளி உண்டு. அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் அதைக் கடந்து போய்ச் செய்தி சொல்கிறது. நல்ல பாம்பின் நஞ்சு, தசைப் பக்கம் அந்தப் பொருள் அமர வேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்துகொள்கிறது. கட்டுவிரியன் நஞ்சு நரம்பின் நுனியையே கெடுக்கிறது. மூளையும் சரி, தசையும் சரி, நடுவில் பேச்சு மட்டும் நின்றுவிட்டது. முதலில் கண்ணிமை தொங்கும், கடைசியில் மூச்சுத் தசை நிற்கும். கடிபட்டவருக்கு நினைவு இருக்கலாம், கண் திறக்க முடியாமல் நாம் பேசுவதைக் கேட்டுக்கொண்டும் இருக்கலாம். அவர் முன்னால் நம்பிக்கையற்ற பேச்சு வேண்டாம்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். கட்டுவிரியன் கடி பல சமயம் வலிக்காது, இரவில் தூக்கத்திலேயே நடக்கும். சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்குப் போங்கள். கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். நச்சுமுறி மருந்தும், தேவைப்பட்டால் செயற்கைச் சுவாசமும் உயிரைக் காக்கும். அந்த மருந்துக்கு நஞ்சு எடுத்துக் கொடுப்பவர்களில் முக்கியமானவர்கள் நம் இருளர்கள். சென்னைக்கு அருகே 1978 முதல் அவர்களின் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது.

தொட்டாற்சுருங்கிக்கு நரம்பு உண்டா?

இல்லை, தசையும் இல்லை. மின் சமிக்ஞை உண்டு. இலைக்காம்பின் அடியிலுள்ள செல்களிலிருந்து தண்ணீர் வெளியேற, இலை தொய்கிறது.

எல்லா நரம்பையும் வரைந்துவிட்டால் விலங்கின் நடத்தை முழுக்கப் புரிந்துவிடுமா?

302 நியூரான் மட்டுமே உள்ள ஒரு சிறு உருளைப்புழுவின் வரைபடம் 1986-லேயே வந்துவிட்டது. 2024-ல் பழ ஈயின் முழு மூளையும் வந்தது, ஏறக்குறைய 1,39,000 நியூரான். மகத்தான வேலை. ஆனாலும் நண்டின் வயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். உணவை அரைக்கும் தசைகளை ஆட்டுவது சுமார் 30 நியூரான்கள்தான். ஈவ் மார்டர் பல பத்தாண்டுகளாக அவற்றை ஆராய்ந்தவர். இணைப்பு மாறாமலே, சுற்றியுள்ள வேதிப்பொருள் மாறினால் தாளம் மாறிவிடுகிறது. வீணையும் தந்தியும் அதேதான், ராகம் வேறு. தந்திகளின் படத்தை மட்டும் வைத்து ராகத்தைச் சொல்லிவிட முடியாது.

இதெல்லாம் மனிதருக்கு எந்த வகையில் உதவும்?

என் அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். லேத் பட்டறையில் நாற்பது வருடம் நின்று வேலை செய்தவர். இப்போது பார்க்கின்சன் நோய். நடுமூளையில் கருமை படிந்த ஒரு சிறு பகுதியின் செல்கள் அழிந்து, டோபமைன் என்ற வேதிப்பொருள் குறைந்துபோகிறது. இந்தத் தொடர்பு புரியத் தொடங்கியது விலங்குகளிடமிருந்துதான். நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுத்த ரெசர்பின் என்ற மருந்தைக் கொடுத்த முயல்கள் அசைவற்றுப் போயின. 1957-ல் அர்விட் கார்ல்ஸன் அவற்றுக்கு எல்-டோபா கொடுத்ததும் மீண்டும் அசைந்தன. அப்பா இன்று சாப்பிடும் மாத்திரையில் இருப்பதும் அதே எல்-டோபா. பூனைக்காலி விதையிலும் இயற்கையாக அது உண்டு. அதற்காக விதையை வாங்கி அரைத்துக் கொடுக்காதீர்கள், அளவு தப்பினால் ஆபத்து.

மாத்திரைக்கும் அடங்காத ஒன்று, உறைந்து நிற்பது. வாசற்படி அருகே வந்ததும் கால் தரையோடு ஒட்டிக்கொண்டது போல அப்பா நின்றுவிடுவார். "கால் வரமாட்டேங்குதும்மா" என்பார். அவருடைய தண்டுவடத்தில் நடையின் தாளச் சுற்று அப்படியே இருக்கிறது. தொடங்கச் சொல்லும் செய்திதான் வந்து சேரவில்லை. கண் வழியாக வேறொரு பாதையைப் பிடிக்கலாம் என்றார் இயன்முறைச் சிகிச்சையாளர். தரையில் குறுக்குக் கோடுகள் போட்டோம். கோட்டைப் பார்த்து அதைத் தாண்டுவதற்காகக் காலைத் தூக்கினார். அடுத்த கோடு, அதற்கடுத்த கோடு. நடந்துவிட்டார்.

கூடத்திலிருந்து குளியலறை வரை இப்போது பதினான்கு கோடுகள். அழிய அழிய என் மகள் சாக்பீஸால் மறுபடி இழுக்கிறாள். இடைவெளி, தாத்தாவின் ஈரக் காலடித் தடத்தை ஸ்கேலால் அளந்து அவளே வைத்த கணக்கு.